எக்ஸ்போசிதோ வீட்டுக்கு ஓர் எக்ஸ்போசிதோ

அல்மொரானில் எந்தச் சுவரில் சாய்ந்தாலும் சட்டையில் ஒட்டிக்கொண்டு வருவது தீஸ்கார் அடித்த சுண்ணாம்புதான். புனித வாரத்துக்கு முன்னால் ஒரு சுற்று, செப்டம்பர் திருவிழாவுக்கு முன்னால் இன்னொரு சுற்று என்று ஊர் மொத்தத்தையும் வருஷத்துக்கு இரண்டு தடவை வெளுத்துவிடுவாள். சுண்ணாம்பைத் தாளிக்கும்போது எவ்வளவு நீலம் விடவேண்டும் என்பது அவளுக்குக் கைப்பழக்கம். நீலம் குறைந்தால் ஒரு மாதத்தில் சுவர் மஞ்சளடித்துப் போகும், கூடினால் வீட்டுக்காரியை ஊரே கேலி செய்யும். நாணல் கழியின் நுனியில் மட்டையைக் கட்டிக்கொண்டு ஏணியின் கடைசிப் படியில் அவள் நின்றால், கீழே போகிறவர்கள் ஒதுங்கித்தான் போகவேண்டும்.

அவளுக்கு அப்போது இருபத்து நாலு வயது. ஹயேன் மாகாணத்திலேயே தன்னைப்போலச் சுண்ணாம்படிக்க ஆள் கிடையாது என்று அவளே சொல்லுவாள். யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்கிற ரகம் இல்லை. சுண்ணாம்பு தின்ற கை முழங்கை வரைக்கும் சொரசொரப்பாக இருக்கும். அந்தக் கையால்தான் முடிதிருத்துகிற எலோயின் கன்னத்தைத் தட்டி, "ஒனக்கும் எனக்கும் இந்த வருஷம் கல்யாணம், தெரியும்ல?" என்று கேட்டாள். எலோய் அதிகம் பேசமாட்டான். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் தலையாட்டினான்.

அவள் முழுப்பெயர் தீஸ்கார் எக்ஸ்போசிதோ மர்ச்சால். முன்னது அப்பா வழி, பின்னது அம்மா வழி. எங்களில் எல்லாருக்கும் அப்படித்தான், இரண்டு வழிப் பெயரையும் சுமந்துகொண்டுதான் திரிகிறோம். மற்ற வீட்டுப் பெயர்களைத் தோண்டிப் பார்த்தால் அடியில் ஒரு முப்பாட்டன் இருப்பான், ஓர் ஊர் இருக்கும், ஒரு கொல்லன் பட்டறையாவது இருக்கும். எக்ஸ்போசிதோவைத் தோண்டினால் ஒரு சுவர்தான் இருக்கும். அனாதை இல்லத்துச் சுவர். அதில் ஒரு மரப்பெட்டி, சுழல்கிற மாதிரி. வெளியிலிருந்து பிள்ளையை வைத்துச் சுற்றிவிட்டு மணியை இழுத்தால் உள்ளே கன்னியாஸ்திரீ எடுத்துக்கொள்வார். வைத்த முகமும் எடுத்த முகமும் ஒன்றையொன்று பார்க்காது. அன்றைக்கு எந்தப் புனிதரின் திருநாளோ அவர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள். குடும்பப் பெயருக்கு எங்கே போவது? லத்தீனில் 'வெளியே வைக்கப்பட்டது' என்று எழுதிவிடுவார்கள். அதுதான் எக்ஸ்போசிதோ.

ஸ்பெயினில் அப்படி ஒரு பெட்டி இல்லாத பெரிய நகரம் இருந்ததில்லை. அதனால் எக்ஸ்போசிதோக்கள் இல்லாத மாகாணமும் இல்லை. எங்கள் அல்மொரானில் பால் கொடுக்கிற பெண்கள் ஹயேனுக்குப் போய்ப் பிள்ளைகளை வாங்கிவந்து வளர்த்திருக்கிறார்கள், தலைமுறை தலைமுறையாக. அப்படி வளர்ந்து, கல்யாணம் செய்து, குடியும் குடித்தனமுமாக ஆனவர்கள் பதினொரு வீடு. தபால்காரர் அந்தப் பெயரைச் சபிக்காத நாள் கிடையாது. பதினொரு வீட்டுக்கும் ஒன்றோடொன்று எள்ளளவும் உறவு கிடையாது. வேறு எந்தப் பெயர் இருவருக்கு ஒன்றாக இருந்தாலும் உறவு என்று அர்த்தம், இந்தப் பெயர் ஒன்றாக இருந்தால் உறவில்லை என்று அர்த்தம். இது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

தெரியாதவர் ஒரே ஒருவர், புதிதாக வந்த பங்குச் சாமியார் தோன் லெஸ்மெஸ். வடக்கே புர்கோஸ்காரர். குளிர்நாட்டு மனிதர்களுக்கு எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.

1958 வசந்தத்தில் தீஸ்காரும் எலோயும் கல்யாண ஓலைக்குப் பெயர் கொடுக்கப் போனார்கள். மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்கவேண்டும், தடை தெரிந்தவர்கள் சொல்லவேண்டும், அப்புறம்தான் மோதிரம் என்று எங்கேயும் உள்ள முறைதான். சாமியார் பேனாவை மையில் தொட்டு மாப்பிள்ளை பெயரை எழுதினார். எலோய் எக்ஸ்போசிதோ ருவானோ. பெண் பெயரைக் கேட்டதும் பேனா நின்றுவிட்டது.

"ரெண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பேரா? எத்தனையாவது முறையில ஒறவு?"

"ஒறவே இல்ல சாமி," என்றாள் தீஸ்கார்.

"ஒரே ஊரு, ஒரே பேரு, ஒறவு இல்லியா?"

"ஒங்க ஊர்ல எப்படியோ. இங்க இந்தப் பேருன்னாலே ஒறவு இல்லன்னுதான் அர்த்தம். எங்கப்பா சொய்லோவும் ஹயேன் பெட்டியில வந்தவரு, இவுங்கப்பா போனிஃபாசியோவும் ஹயேன் பெட்டியில வந்தவரு."

"அப்ப ஒன் தாத்தா யாரு?"

"தெரியாது."

"இவன் தாத்தா?"

"அதுவும் தெரியாது."

"தெரியாதுல்ல? அப்ப ரெண்டு தாத்தாவும் ஒரே ஆளா இருக்கலாமே?"

அல்மொரானில் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுகூட இல்லை. எப்போதும் வாயடிக்கிற தீஸ்கார் தன் பக்கம் திரும்பியது எலோயை இன்னும் பயமுறுத்தியது.

சாமியார் கெட்டவர் இல்லை. கையை விரித்தார். "ஒறவுன்னு தெரிஞ்சா ஆயர்கிட்ட எழுதி விதிவிலக்கு வாங்கலாம். இல்லன்னு தெரிஞ்சா இந்த ஞாயித்துக்கெழமையே ஓலை வாசிக்கலாம். ரெண்டும் தெரியலன்னா நான் எதை எழுதறது?"

அப்பாக்கள் இருவரும் தங்கள் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பழைய காகிதங்கள் எங்கே என்று கேட்டார். கோவில் பதிவேடுகள் உள்நாட்டுப் போரில் எரிந்து சாம்பலானதை எலோய்தான் மெதுவாகச் சொன்னான்.

செய்தி எலோயின் அம்மா கிறிஸ்புலாவின் காதுக்குப் போக அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று அவளுக்கு. அவள் ருவானோ வீட்டுப் பெண், நாலு ஆலிவ் தோப்பு இருந்த வீடு. காதலித்துப் பெட்டிப்பிள்ளையைக் கட்டிக்கொண்டவள். கட்டினதில் வருத்தமில்லை, பெயரில்தான் வருத்தம். மகன் பெரிய வீட்டுப் பெண்ணைக் கட்டினால் பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் எக்ஸ்போசிதோ இருந்தாலும் பின்னால் ஒரு கௌரவமான பெயர் வந்து அதை மூடிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டிருந்தாள். தீஸ்கார் வந்தால் எக்ஸ்போசிதோவுக்குப் பின்னாலும் எக்ஸ்போசிதோ. அதுவும் ஏணியில் ஏறி நின்று எதிர்ப்பேச்சுப் பேசுகிற எக்ஸ்போசிதோ.

ரொட்டிக் கடையில் நின்றுகொண்டு அவள் சொன்னது இதுதான்: "எனக்கென்னமோ ஆரம்பத்துலேருந்தே சந்தேகம். எங்க வீட்டுக்காரர் காதும் சொய்லோ காதும் அச்சு அசல் ஒண்ணு. அந்த மடல் மேல மடங்கியிருக்கும் பாருங்க, அது."

அவ்வளவுதான், அடுத்த வாரம் முழுக்க ஊருக்குக் காது பைத்தியம் பிடித்துவிட்டது. எலோய் கடையில் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் கண்ணாடியில் தங்கள் காதைப் பார்க்காமல் அவன் காதைப் பார்த்தார்கள். செத்துப்போன போனிஃபாசியோவின் காது எப்படி இருந்தது என்று பந்தயம் கட்டினார்கள். அதிலும் ஒருவர், "காது மடங்கினவன் எல்லாம் அண்ணன் தம்பின்னா எங்க கழுதையும் எனக்குப் பங்காளிதான்," என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். சிரிக்காதவள் தீஸ்கார்தான். அப்பா சொய்லோ எண்ணெய் தோய்த்த ரொட்டியைத் தின்றுகொண்டிருக்கும்போது அவர் காதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். மடல் மடங்கித்தான் இருந்தது. ஒருவேளை உண்மையாக இருந்துவிட்டால்? விதிவிலக்கு கிடைக்காமல் போனால்? எலோய் இல்லாமல் இருக்கமுடியாது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் அத்தனை தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்க அவளுக்கு வராது. மறுநாள் மருந்துக்கடைச் சுவரை அடித்துக்கொண்டிருந்தாள். எலோய் கடையைச் சாத்திவிட்டு ஏணிக்குக் கீழே வந்து நின்றான்.

"ஒங்கப்பாவும் எங்கப்பாவும் பட்டாளத்துக்குப் பேர் குடுத்தது ஒரே வருஷம், தெரியுமா?" என்றான். "இருபத்தொம்பதாம் வருஷத்துப் பசங்க ரெண்டு பேரும். எங்கப்பா சொல்லுவாரு, சீட்டுக் குலுக்கிப் போட்டப்ப ஒங்கப்பாவுக்கு ஆப்பிரிக்காவுல மெலில்யா விழுந்துச்சு, அவருக்கு விழல."

எங்களில் ஒரே வருஷம் பட்டாளத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் சாகிறவரைக்கும் ஒரு கூட்டம். சேர்ந்து குடிப்பார்கள், ஒருவரையொருவர் தூக்கிப்போய் அடக்கம் செய்வார்கள். ஒரே வருஷம் பிறந்தவர்கள் என்று சான்றிதழ் வேண்டியதில்லை, அந்தக் கூட்டமே சான்றிதழ். தீஸ்கார் மட்டையை வாளியில் போட்டாள்.

"ஒங்கப்பா திருநாள் எப்ப?"

"புனித போனிஃபாசியோ. மே பதினாலு."

"எங்கப்பாது ஜூன் இருபத்தேழு." அவள் ஏணியிலிருந்து இரண்டு இரண்டு படியாக இறங்கினாள். "எலோய்! பெட்டியில வந்த நாள்தானேடா பேரு வெப்பாங்க! மே மாசம் ஒரு புள்ளை பெத்தவ, ஜூன் மாசம் இன்னொரு புள்ளை பெத்துக்குவாளா? பெத்தவள ஒங்க ஆத்தா முயல்னு நெனச்சிட்டாங்களா?"

சுண்ணாம்புக் கையோடு அப்படியே சாமியாரிடம் ஓடினாள். தோன் லெஸ்மெஸ் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "புத்திசாலிதான். ஆனா பெட்டியில வந்தப்ப ரெண்டும் பொறந்த கொழந்தைங்கன்னு யாரு சொன்னா? ஒண்ணு பத்து மாசக் கொழந்தையா இருந்திருக்கலாம். காகிதம் கொண்டா."

காகிதம் ஹயேனில் இருந்தது, அனாதை இல்லத்துப் பதிவேட்டில். பெட்டியில் வந்தவர் ஒருவராவது நேரில் வந்தால்தான் காட்டுவார்கள். தீஸ்கார் அப்பாவிடம் கேட்டாள். சொய்லோ ஆலிவ் மரங்களுக்குக் கிளை கழிப்பவர். ஹயேனுக்கு ஆயிரம் தடவை போயிருக்கிறார், அந்தத் தெருவுக்கு மட்டும் போனதில்லை. "தூக்கி வெளிய வெச்ச எடத்துக்கு நான் ஏன் திரும்பிப் போகணும்?" என்றார். அப்புறம் மகள் முகத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு பேருந்துக்கு வந்து நின்றார்.

இல்லத்தில் ஒரு கன்னியாஸ்திரீ கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பெயர் கேட்டார்.

"சொய்லோ எக்ஸ்போசிதோ," என்றார் அவர்.

"அண்ணே, இந்த அலமாரி முழுக்க எக்ஸ்போசிதோதான். எந்த நாள்னு சொல்லுங்க."

தீஸ்கார் இரண்டு திருநாளையும் சொன்னாள், முதலில் போனிஃபாசியோவின் பக்கம் கிடைத்தது. 1908, மே 14. ஆண். பிறந்து சில மணி நேரம் இருக்கலாம், இன்னும் குளிப்பாட்டப்படவில்லை. அப்புறம் இன்னும் சில பக்கம் புரட்டி, ஜூன் 27. ஆண். பிறந்து ஒரு நாள். தொப்புள்கொடி காயவில்லை. விடியும் நேரத்தில் மணி அடித்தது.

தீஸ்காருக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும்போல இருந்தது. கன்னியாஸ்திரீயைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை, நகல் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். திரும்பிப் பார்த்தால் சொய்லோ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"ஒரு நாளா?" என்றார். "எனக்கு ஒரு நாள்தானா வயசு?"

"ஆமாப்பா."

"அப்ப அவளுக்கும் பெத்து ஒரு நாள்தான் ஆயிருக்கு." பதிவேட்டின் பக்கம் திரும்பிக் கேட்டார்: "எப்படி நடந்து வந்திருப்பா?"

ஐம்பது வருஷமாக அந்தப் பெண்மேல் அவருக்குக் கோபம். அவள் நடந்து வந்திருப்பாள் என்பது ஒருதரமும் நினைவுக்கு வந்ததில்லை. தெருவுக்கு வந்ததும் அந்தச் சுவரை, அடைத்துப் பூசிவிட்ட பெட்டியின் இடத்தை, நின்று பார்த்தார். தீஸ்கார் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் மாலை கோவில் அறையில் எல்லாரும் கூடினார்கள். கிறிஸ்புலாவும் கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தாள். சாமியார் நகலை விளக்கருகே வைத்து இரண்டு தடவை படித்தார்.

"சரி. ரெண்டு பேருக்கும் தாய் ஒருத்தி இல்ல. அது நிச்சயம்." அப்புறம் அவரும் மனிதர்தானே, விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "ஆனா தகப்பன்?"

கிறிஸ்புலா சட்டென்று முன்னால் வந்தாள். "அதுக்குத்தான் சாமி நான் ஒரு வழி சொல்றேன். இந்தப் பேரை மாத்திக்க அரசாங்கமே எடம் குடுக்குது. எம் மகன் ருவானோன்னு மாத்திக்கட்டும். அப்புறம் ரெண்டு பேருக்கும் ஒரே பேருங்கிற பேச்சே இல்ல. நீங்களும் நிம்மதியா ஓலை வாசிக்கலாம். நானும் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்."

சாமியாரின் முகம் தெளிந்தது. காகிதத்தில் ஒழுங்காக உட்காருகிற யோசனை. "அது நல்ல ஏற்பாடு," என்றார். "ஒரு கையெழுத்து, முடிஞ்சுது."

எல்லாரும் தீஸ்காரைப் பார்த்தார்கள். அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஒரு 'சரி' சொன்னால் போதும், எலோய் அவள் புருஷன். சொய்லோவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எலோயைப் பார்த்தாள்.

"கடைக்குப் பலகை எழுதியாச்சே," என்றான் எலோய் அம்மாவிடம். "எக்ஸ்போசிதோன்னு. அப்பா கையால எழுதினது. நான் அழிக்கமாட்டேன்."

அவன் அம்மாவிடம் 'மாட்டேன்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. தீஸ்காருக்கு அது போதுமாக இருந்தது. சாமியார் பக்கம் திரும்பினாள்.

"சாமி, பேரை மாத்தினா ரத்தம் மாறிடுமா? மாறாது. அப்ப ஒங்களுக்குத் தடை ரத்தமா, பேரா?"

சாமியார் வாய் திறந்தார். அவள் விடவில்லை.

"அப்பன் யாருன்னு கேட்டீங்க. ஒங்கப்பா யாருன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? ஒங்கம்மா சொன்னாங்க. கிறிஸ்புலா அத்தைக்கு அவுங்க அம்மா சொன்னாங்க. ஊர்ல எல்லாருக்கும் அப்படித்தான், ஒருத்திக்கும் வேற சாட்சி கெடையாது. எங்கப்பாவுக்குச் சொல்றதுக்கு அம்மா பக்கத்துல இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம். அதுக்காக அவரு ரத்தத்துல மட்டும் சந்தேகம்னா, மொதல்ல ஊர்ல நடந்த அத்தனை கல்யாணத்தையும் நிறுத்துங்க. நான் கடைசியா நிக்கிறேன்."

தோன் லெஸ்மெஸின் கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்தது. கிறிஸ்புலா சால்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். ருவானோ வீட்டு அம்மாக்களையெல்லாம் மனதுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தாளோ என்னவோ. அப்புறம், "வாயி, வாயி," என்றாள். "இந்த வாய்க்கு எம் மகன் ஈடு குடுக்கணுமே, அதை நெனச்சாத்தான்." ஆனால் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சாமியார் பேனாவை மையில் தொட்டு எழுத ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கோவில் நிறைந்துவிட்டது. பதினொரு வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள், ஞானஸ்நானத்துக்கும் திருநாளுக்கும் எட்டிப் பார்க்காதவர்கள்கூட. எங்களில் ஆண்கள் பின்னால் வாசல் பக்கம் நிற்பார்கள், சொய்லோவும் அங்கேதான் நின்றார். பிரசங்கம் முடிந்ததும் தோன் லெஸ்மெஸ் ஓலையைப் பிரித்தார். அவர் மனதில் இப்போது விகல்பம் இல்லை. இல்லாததால்தான் அப்படிச் செய்தார் என்று நான் நினைக்கிறேன்: பெயர்களை நன்றாக உரக்க வாசித்துக்கொண்டு வந்தவர், குடும்பப் பெயர் வருகிற இடத்தில் மட்டும் குரலை இறக்கினார். சங்கடப்படுத்தவேண்டாம் என்ற நல்லெண்ணம். காலஞ்சென்ற போனிஃபாசியோ, அப்புறம் ஒரு முணுமுணுப்பு. எலோய், அப்புறம் ஒரு முணுமுணுப்பு. சொய்லோ, தீஸ்கார், அங்கேயும் அதே.

தடை உண்டா என்று கேட்பதற்காக அவர் மூச்சு இழுத்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"சாமி, மன்னிக்கணும்."

எல்லாத் தலைகளும் திரும்பின. சொய்லோ. தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். தீஸ்கார் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். தடை சொல்லப்போகிறாரா?

"என்ன சொய்லோ?"

"இங்க கேக்கல."

"எது கேக்கல?"

"எங்க பேரு. அதை முழுங்கிட்டீங்க." தலையை நிமிர்த்திச் சொன்னார்: "அந்தப் பேரு எனக்கு எங்கம்மா நடந்து வந்து வாங்கிக் குடுத்தது. மத்தவங்க பேரை வாசிக்கிற மாதிரி வாசிங்க."

தோன் லெஸ்மெஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். ஓலையை முதலிலிருந்து எடுத்து வாசித்தார். எக்ஸ்போசிதோ என்ற சொல் மேலே தளத்தில் பட்டுத் திரும்பி வந்தது, நாலு தடவை. பெண்கள் பக்கத்தில் தீஸ்கார் முகத்தை மறைக்காமல் அழுதாள். அவளுக்கு முன்பெஞ்சில் கிறிஸ்புலா நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் உண்டா?" என்று கேட்டார் சாமியார்.

சொய்லோ வாசலில் நின்றபடி ஊரை ஒரு சுற்றுப் பார்த்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.